இருளில் ஒரு கப்பல் – 5: சாப்பாட்டு மேசை

சென்ற வாரம் திரைக்கதை எழுத்தாளர் டான் ஓபானனை லாஸ் ஏஞ்சலிஸில், நண்பர் ரொனால்ட் ஷுசெட் வீட்டு சோபாவில் விட்டுவிட்டு வந்தோம். பாரீஸில் இயக்குநர் ஹோடரோவ்ஸ்கி எடுப்பதாக இருந்த 'டியூன்' படம் பணமில்லாமல் கவிழ்ந்துவிட்டது. அதை நம்பி இருந்ததையெல்லாம் விட்டுப் போனவர் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். தங்க வீடில்லை. போதாக்குறைக்கு வயிற்று வலி.

அந்த வயிற்று வலியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது குரோன் நோய். குடலைப் புண்ணாக்கி, விட்டு விட்டு வந்து, ஆளைச் சுருட்டிப் போடும் நோய். 2009-ல் ஓபானனின் உயிர் போனதும் அதனால்தான்.

அவரிடம் பாதிக் கதை இருந்தது. பூமிக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் சரக்குக் கப்பல். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து ஊழியர்கள் பாதி வழியில் எழுப்பப்படுகிறார்கள். எங்கிருந்தோ ஒரு சமிக்ஞை. இறங்கிப் பார்க்கிறார்கள். அங்கே ஏதோ இருக்கிறது.

அதற்கு மேல் நகரவில்லை. அந்த 'ஏதோ' கப்பலுக்குள் எப்படி வரும்? கதவைத் திறந்துகொண்டு வந்தால் அது வழக்கமான பூதப் படம். ஒளிந்து வந்தால் அதையும் நூறு பேர் எடுத்தாகிவிட்டது.

ஓர் இரவு ஷுசெட் தூக்கத்திலிருந்து எழுந்து விடை சொன்னார். அது ஒருவன் முகத்தில் பாய்ந்து ஒட்டிக்கொள்ளட்டும். அவனுக்குள் தன் வித்தை வைக்கட்டும். அவனே அதைக் கப்பலுக்குள் சுமந்து வருவான்.

குளவி புழுவைக் கொண்டுவந்து மண்கூட்டில் அடைத்து, கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் ஒரு குளவியாக்கிவிடும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். கூட்டை உடைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் நடப்பது தெரியும். புழு குளவியாவதில்லை. புழுவின்மேல் குளவி இட்ட முட்டை பொரிந்து, வரும் குஞ்சு, உயிரோடு மரத்துக் கிடக்கும் புழுவைத் தின்று வளர்ந்து வெளியே பறக்கிறது. ஓபானனுக்கும் இந்த ஒட்டுண்ணிக் குளவிகளைத் தெரியும். புழு இருந்த இடத்தில் மனிதனை வைத்தார். தன் வயிற்றில் பல ஆண்டுகளாகப் புரண்டுகொண்டிருந்ததற்குப் பல்லும் தலையும் கொடுத்தார்.

'ஸ்டார் பீஸ்ட்' என்று இருந்த தலைப்பு 'ஏலியன்' ஆயிற்று.

இந்த வாரம், அந்தக் காகிதத்தில் இருந்த சில வரிகள் ஓர் ஆங்கிலேய ஸ்டூடியோவில் ரத்தமும் நாற்றமுமாக மாறிய நாளுக்குப் போகிறோம்.

*

அதற்கு முன் ஒரு தேதி. 1977 மே 25.

அன்றுதான் 'ஸ்டார் வார்ஸ்' வெளியானது. அதுவரை விண்வெளிப் படம் என்றால் முகம் சுளித்த ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் ஒரே கோடையில் மனம் மாறியது. உடனே இன்னொரு விண்கலப் படம் வேண்டும். மேசையில் என்ன இருக்கிறது? 'ஏலியன்' இருந்தது.

அது அங்கே வந்து சேர்ந்ததே ஒரு தற்செயல். மலிவுப் படங்களின் மன்னர் ரோஜர் கோர்மனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் நிலைக்கு ஓபானனும் ஷுசெட்டும் வந்துவிட்டார்கள். போட்டிருந்தால் நாம் இன்று இந்தத் தொடரைப் படித்துக்கொண்டிருக்க மாட்டோம். கடைசி நேரத்தில் வால்டர் ஹில், டேவிட் கைலர், கோர்டன் கரோல் என்ற மூவர் நடத்திய பிராண்டிவைன் கம்பெனி அதை வாங்கியது. ஃபாக்ஸோடு அவர்களுக்குத் தொடர்பு இருந்தது.

ஹில்லும் கைலரும் திரைக்கதையைத் திருத்தி எழுதினார்கள், ஒருமுறை இருமுறையல்ல. வசனத்தைச் சுருக்கினார்கள். பெயர்களை மாற்றினார்கள். ஊழியர்களில் ஒருவனாக, மனிதனைப்போலவே இருக்கும் இயந்திரம் ஒன்றைச் சேர்த்தார்கள். ஆஷ் என்ற அந்தப் பாத்திரம் ஓபானனுக்குப் பிடிக்கவே இல்லை. என்னைக் கேட்டால், படத்தின் முதுகெலும்பே அதுதான். ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு மாற்றம் ஃபாக்ஸின் தலைவர் ஆலன் லேட் ஜூனியரிடமிருந்து வந்தது. எந்தப் பாத்திரத்தையும் ஆணோ பெண்ணோ நடிக்கலாம் என்று மூலப் பிரதியிலேயே ஒரு குறிப்பு இருந்தது. அப்படியானால் முதன்மைப் பாத்திரமான ரிப்ளி பெண்ணாக இருக்கட்டுமே என்றார் லேட். வேறு ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பெண்ணுக்காக எழுதப்படாததால்தான் ரிப்ளி அதுவரை திரையில் வந்த பெண்களைப்போல் இல்லை. அவள் யாரையும் காதலிக்கவில்லை. விதிமுறையைப் படித்துவிட்டுக் கதவைத் திறக்க மறுத்தாள்.

இயக்குநர் நாற்காலியில் உட்கார ஹில் மறுத்துவிட்டார். வேறு சிலரிடம் பேச்சு நடந்தது. கடைசியில் வந்து சேர்ந்தவர் ரிட்லி ஸ்காட். விளம்பரப் படங்களில் கை தேர்ந்தவர். எடுத்த திரைப்படம் ஒன்றே ஒன்று, 'தி டூயலிஸ்ட்ஸ்'. அதற்கு கான் விழாவில் அறிமுக இயக்குநர் விருது கிடைத்திருந்தது. அடுத்து திரிஸ்தான்–இசோல்த் காதல் கதையை எடுக்கத் திட்டமிட்டிருந்தவர், 'ஸ்டார் வார்ஸ்' பார்த்துவிட்டு வந்து அதைத் தூக்கி மூலையில் வைத்தார்.

ஓவியம் படித்தவர் ஸ்காட். லண்டனுக்குத் திரும்பி, படத்தைக் காட்சி காட்சியாக வரைந்தார். அந்த ஸ்டோரிபோர்டுகளைப் பார்த்த ஃபாக்ஸ், 42 லட்சம் டாலர் பட்ஜெட்டை 84 லட்சமாக உயர்த்தியது. பேனாவால் பட்ஜெட்டை இரட்டிப்பாக்கிய இயக்குநர்கள் அதிகமில்லை.

*

பாரீஸ் தோல்வியில் ஓபானனுக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. அங்கே அறிமுகமான சுவிட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர். கீகர்.

கீகரின் 'நெக்ரோனோமிகான்' ஓவியப் புத்தகத்தை ஓபானன் ஸ்காட்டிடம் நீட்டினார். அதில் 1976-ல் வரைந்த ஓர் உருவம். பின்னோக்கி நீண்ட மண்டை, எலும்பா இரும்பா என்று சொல்ல முடியாத உடல். ஸ்காட்டின் தேடல் அங்கேயே முடிந்தது. ஃபாக்ஸ் தரப்பில் சிலருக்கு வயிற்றைப் பிசைந்தது, மக்கள் தாங்க மாட்டார்கள் என்றார்கள். ஸ்காட் விடவில்லை.

1978-ல் லண்டனுக்கு அருகிலுள்ள ஷெப்பர்டன் ஸ்டூடியோவுக்கு வந்த கீகர் எலும்புகள் கேட்டார். களிமண்ணோடு பாம்பின் முதுகெலும்புகளையும், ரோல்ஸ் ராய்ஸ் காரின் குளிரூட்டும் குழாய்களையும் சேர்த்துப் பூதத்தை வனைந்தார். அதன் தாடைத் தசைநார்கள், கிழித்த ஆணுறைகள். முதலில் அதற்குக் கண்கள் இருந்தன. பிறகு எடுத்துவிட்டார்கள். எங்கே பார்க்கிறது என்று தெரியாத ஒன்றிடமிருந்து எந்தப் பக்கம் ஓடுவது?

முழுதாக வளர்ந்த பூதத்துக்குள் இருந்தவர் போலாஜி படேஜோ என்ற நைஜீரிய இளைஞர். லண்டனில் வரைகலை படித்துக்கொண்டிருந்தவர். 6 அடி 10 அங்குல உயரம், நீண்டு மெலிந்த கைகால்கள். ஒரு மதுக்கடையில் கண்ணில் பட்டதும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். உடல் அசைவுக்காகத் தாய்-சி பயிற்சியும் மைம் பயிற்சியும் கொடுத்தார்கள். அவர் நடித்த ஒரே படம் இதுதான். உலகம் முழுக்கத் தெரிந்த உருவம் அவருடையது, முகம் யாருக்கும் தெரியாது.

தளத்தில் கைக்குக் கிடைத்ததெல்லாம் வேலைக்கு வந்தது. கிரகத்தில் கிடக்கும் பிரம்மாண்டமான எலும்புக்கூடு இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும். ஸ்காட் தன் மகன்களுக்குச் சின்ன அளவில் விண்வெளி உடை தைத்துப் போட்டு அதன் முன்னால் நடக்க விட்டார். முட்டைகளின் மேல் மிதக்கும் நீல ஒளி, பக்கத்துத் தளத்தில் தங்கள் மேடைக்காக லேசர் சோதித்துக்கொண்டிருந்த 'தி ஹூ' இசைக்குழுவிடம் கடன் வாங்கியது. முட்டைக்குள் புரளும் உயிர், ரப்பர் கையுறை மாட்டிய ஸ்காட்டின் சொந்தக் கைகள்.

*

இப்போது அந்தச் சரக்குக் கப்பலான நாஸ்ட்ரோமோவுக்குள் போவோம்.

அதை நிஜமான கப்பல்போலவே கட்டியிருந்தார்கள். ஒரு தளத்தின் அறைகள் எல்லாம் தாழ்வாரங்களால் இணைந்தவை. நடிகர்கள் தங்கள் இடத்துக்குப் போக, வளைந்து நெளிந்து உள்ளே நடந்துதான் போக வேண்டும். தாழ்ந்த கூரை. பழைய விமானங்களின் கழிவு உதிரிகளால் மூடிய சுவர்கள். ஒரு வாரம் அதற்குள் வேலை பார்த்தால் வெளியே ஸ்டூடியோ இருப்பது மறந்துவிடும்.

உள்ளே இருந்தவர்கள் ஏழு பேர். டாலஸ் என்ற கேப்டனாக டாம் ஸ்கெரிட். லாம்பர்ட்டாக வெரோனிகா கார்ட்ரைட். இயந்திரப் பகுதியில் பார்க்கராக யாஃபெட் கோட்டோவும், அவரோடு ஹாரி டீன் ஸ்டான்டனும். ஆஷ் ஆக இயன் ஹோம். ரிப்ளியாக சிகர்னி வீவர், நியூயார்க் நாடக மேடைகளைத் தாண்டி யாருக்கும் தெரியாதவர். 'ஆனி ஹால்' படத்தில் சில விநாடிகள் தலைகாட்டியிருந்தார். தான் ரிப்ளி என்று நம்பி இங்கிலாந்து வந்து இறங்கிய பிறகுதான் தனக்குக் கிடைத்தது லாம்பர்ட் என்று கார்ட்ரைட்டுக்குத் தெரியவந்தது. அந்த மனத்தாங்கலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாமவன் கேன். அந்த வேடத்துக்கு முதலில் வந்தவர் ஜான் ஃபின்ச். படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே அவருக்கு உடல்நிலை மோசமாகி விலக நேர்ந்தது. அவசரமாக அழைக்கப்பட்டவர் ஜான் ஹர்ட். 'ஐ, கிளாடியஸ்' தொடரில் காலிகுலாவாக பிரிட்டனையே நடுங்க வைத்தவர். இந்த ஏழு பேரில் பார்வையாளருக்கு நன்கு பழகிய முகங்களில் ஒன்று. அப்படிப்பட்டவர் பாதிப் படத்திலேயே சாவார் என்று யார் நினைப்பார்கள்?

இந்த ஏழு பேரும் விண்வெளி வீரர்கள் அல்லர். அதுதான் இந்தப் படத்தின் பெரிய கண்டுபிடிப்பு என்பேன். 1968-ல் வந்த குப்ரிக்கின் '2001' படத்தில் விண்வெளி ஆஸ்பத்திரிபோலச் சுத்தம். இங்கே கசியும் குழாய்கள், கசங்கிய சட்டைகள், ஆறிப்போன காபி. கண் விழித்ததும் இவர்கள் பேசுவது பிரபஞ்ச ரகசியத்தைப் பற்றியல்ல, போனஸைப் பற்றி. மெஷின் அறையில் வேலை செய்யும் எங்களுக்கு மட்டும் ஏன் பங்கு குறைவு என்று பார்க்கர் கேட்கிறான். கம்பெனி ஒப்பந்தத்தைக் காட்டி வாயை அடைக்கிறார்கள். சமிக்ஞை வந்தால் போய்ப் பார்த்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கூலி கிடையாது. அதனால்தான் அந்தக் கிரகத்தில் இறங்குகிறார்கள்.

இறங்குகிறார்கள். கேன் முட்டைக்குள் எட்டிப் பார்க்கிறான். அது முகத்தில் பாய்கிறது. பிறகு தானாகவே உதிர்ந்து சாகிறது. கேன் கண் விழிக்கிறான். பசி என்கிறான்.

எல்லாரும் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள்.

*

காட்சி எடுக்கும் நாள். தளத்துக்குள் ஜான் ஹர்ட் மட்டும். மற்ற நடிகர்களை வெளியே காக்க வைத்திருந்தார்கள்.

மேசையில் ஓர் ஓட்டை வெட்டப்பட்டிருந்தது. ஹர்ட்டின் உடல் மேசைக்கு அடியில். தலையும் கைகளும் மட்டும் மேலே. இடையில் ஒரு போலி மார்பு பொருத்தி, அவர் அணிந்ததுபோலவே ஒரு வெள்ளைச் சட்டை போர்த்தியிருந்தார்கள். மார்புக்குள் கசாப்புக் கடையிலிருந்து வந்த குடல், ஈரல், இன்ன பிற. ரத்தக் கலவையைப் பீய்ச்ச பம்புகள். மேசைக்குக் கீழே ரோஜர் டிக்கன், தான் செய்த குட்டிப் பூதத்தைக் கோலில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் குட்டியின் உருவத்துக்கு ஸ்காட் காட்டிய முன்மாதிரி, பிரான்சிஸ் பேக்கன் 1944-ல் வரைந்த சிலுவையடி உருவங்கள். உடல் முழுக்க வாயாகக் கத்தும் உருவங்கள் அவை.

ஏற்பாட்டுக்கு மணிக்கணக்கில் ஆயிற்று. விளக்குகளின் வெப்பத்தில் குடல் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது.

நடிகர்களை அழைத்தார்கள். உள்ளே வந்தவர்கள் முதலில் உணர்ந்தது நாற்றம். அடுத்துக் கண்ணில் பட்டது இன்னொன்று. காமிராக்கள் பிளாஸ்டிக் உறையில். காமிராவுக்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் மழைக்கோட்டில்.

இவர்களுக்கு மட்டும் கோட்டு தரவில்லை.

இங்கே ஒரு கதையைச் சரி செய்ய வேண்டும். நடிகர்களுக்கு ஒன்றுமே தெரியாது, அவர்கள் காட்டியது முழுக்க முழுக்க நிஜமான அதிர்ச்சி என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அது பாதி உண்மை. எல்லாரும் திரைக்கதையைப் படித்தவர்கள். கேனின் மார்பைப் பிளந்துகொண்டு ஒன்று வரும் என்பது தெரியும். தெரியாதது ஒன்றுதான். எவ்வளவு ரத்தம், எவ்வளவு வேகத்தில், யார் மேல்? ரத்தம் கொஞ்சம் தெறிக்கும் என்ற அளவில்தான் கார்ட்ரைட்டுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

ஸ்காட் அதை வேண்டுமென்றே மறைத்தார். பயத்தை நடித்துக் காட்டலாம், திடுக்கிடுவதை நடிக்க முடியாது என்பது அவர் கணக்கு. இரண்டாவது வாய்ப்பும் இல்லை. தளம் ஒருமுறை ரத்தத்தில் குளித்துவிட்டால் எல்லாவற்றையும் கழுவி மறுபடி அடுக்க வேண்டும். ஆகவே பல காமிராக்களை ஒரே நேரத்தில் ஓட விட்டார்.

ஹர்ட் துடிக்கத் தொடங்கினார். நான்கைந்து பேர் அவரைப் பிடித்து அழுத்தினார்கள். சட்டையில் ஒரு சிவப்புத் திட்டு மலர்ந்தது.

பூதம் வரவில்லை. சட்டைத் துணி கிழியவில்லை.

நிறுத்தினார்கள். துணியைப் பிளேடால் கீறி நைய வைத்தார்கள். என்ன ஆயிற்று என்று பார்க்கும் ஆவலில் நடிகர்கள் தங்களை அறியாமல் மேசைக்கு இன்னும் அருகே குனிந்தார்கள். காமிராக்கள் மறுபடி ஓடின.

இந்தமுறை அது வந்தது.

பம்பு ஒன்றின் நேர் எதிரில் கார்ட்ரைட்டின் முகம் இருந்தது. பீய்ச்சிய ரத்தம் முழு வேகத்தில் முகத்தில் அறைந்தது. அலறியபடி பின்னால் சாய்ந்தார், கால் இடறி விழுந்தார். அந்த அலறல்தான் படத்தில் இருக்கிறது. கோட்டோவுக்கு அன்று மனம் நிலைகொள்ள வெகுநேரம் ஆனது என்பார்கள். வீவருக்கு ஒரு கணம், பூதத்தைவிட, ஹர்ட்டுக்கு உண்மையிலேயே ஏதோ ஆகிவிட்டது என்ற பயமே வந்தது.

மேசைக்கு அடியில் இருந்த ஹர்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

*

ஸ்காட் செய்தது சரியா?

இதைக் கேட்காமல் பல கட்டுரைகள் கடந்துபோகின்றன, ஒரு மேதையின் தந்திரம் என்று சிரித்துவிட்டு. எனக்கு அவ்வளவு எளிதாகச் சிரிக்க வரவில்லை.

ஆஷ் படத்தின் முதுகெலும்பு என்றேன் அல்லவா? பிற்பாதியில் ரிப்ளி கப்பலின் கணினியைக் குடைந்து ஓர் ஆணையைக் கண்டுபிடிக்கிறாள். எண் 937. பூதத்தைப் பத்திரமாகக் கொண்டு வா, மற்றதெல்லாம் பிறகு, ஊழியர்கள் போனாலும் பரவாயில்லை. கம்பெனிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்த ஆணையை நிறைவேற்றத்தான் ஆஷ் கப்பலில் ஏற்றப்பட்டிருக்கிறான். அதுவரை விண்வெளியில் நிகழ்ந்த விபத்தாக இருந்த கதை, அந்த ஒரு வரியில் முதலாளி–தொழிலாளி கதையாகிவிடுகிறது. ஹில்லும் கைலரும் எழுதிச் சேர்த்த இந்த முடிச்சு இல்லையென்றால் 'ஏலியன்' நன்றாக எடுக்கப்பட்ட ஒரு பூதப் படமாக மட்டுமே நின்றிருக்கும்.

வேலை செய்பவர்களிடம் முழு உண்மையைச் சொல்லாத கம்பெனியைப் பற்றிய படம். அதன் உச்சக் காட்சி, வேலை செய்பவர்களிடம் முழு உண்மையைச் சொல்லாமல் எடுக்கப்பட்டது. ஸ்காட் இந்த ஒற்றுமையை எண்ணிப் பார்த்தாரா தெரியாது. கார்ட்ரைட்டுக்கும் ஒரு மழைக்கோட்டைக் காட்டி, என்ன வரப்போகிறது என்று சொல்லியிருந்தால் காட்சி இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நன்றாக வந்தது என்பதற்காக நியாயமாகிவிடாது. ரிப்ளியை இழந்து லாம்பர்ட்டை ஏற்ற கார்ட்ரைட், பயத்தை மட்டுமே வெளிப்படுத்தும் ஒரு பாத்திரத்துக்கு அதுவரை திரையில் இல்லாத கனத்தைக் கொடுத்தவர். அதற்கான பெயரை அந்த ரத்தப் பம்பு தட்டிக்கொண்டு போய்விட்டது என்பதுதான் என் வருத்தம்.

*

படப்பிடிப்பு அக்டோபரில் முடிந்தது. சண்டைகள் முடியவில்லை.

இசையமைப்பாளர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் எழுதிக் கொடுத்த இசையில் பலவற்றை எடுத்துவிட்டு, அவரே 1962-ல் 'ஃபிராய்ட்' படத்துக்குப் போட்ட பழைய துண்டுகளைச் செருகினார்கள். கடைசிக் காட்சிக்கு ஹோவர்ட் ஹான்சனின் சிம்பொனி வந்தது. கோல்ட்ஸ்மித் கொதித்தார். அவர் கோபம் நியாயமானது, ஆனாலும் படத்தில் இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

முடிவிலும் ஒரு கண்டம். சிறு ஓடத்தில் தப்பிக்கும் ரிப்ளியின் தலையைப் பூதம் கடித்துத் துண்டாக்கிவிட்டு, கேப்டன் டாலஸின் குரலில் பூமிக்குச் செய்தி அனுப்புவதாக முடிக்க ஸ்காட் நினைத்தார். ஃபாக்ஸ் ஒரேயடியாக மறுத்தது. முதலாளிகள் தலையிட்டுப் படத்தைக் காப்பாற்றிய அரிதான நிகழ்ச்சி இது. ரிப்ளி பிழைத்தாள். கப்பலில் இருந்த பூனையும் பிழைத்தது.

1979 மே 25. 'ஸ்டார் வார்ஸ்' வந்து சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 'ஏலியன்' திரைக்கு வந்தது.

விமர்சகர்கள் இரண்டுபட்டார்கள். அழகாக எடுத்த அற்பம் என்றார்கள் சிலர். பழைய சரக்கு என்றார்கள் சிலர். 1958-ல் வந்த 'இட்! தி டெரர் ஃபிரம் பியாண்ட் ஸ்பேஸ்', இத்தாலியர் மாரியோ பாவாவின் 1965 படம் என்று முன்னோடிகளைப் பட்டியலிட்டார்கள். தன் நாவலின் சாயல் இருப்பதாக எழுத்தாளர் ஏ.ஈ. வான் வோக்ட் வழக்குத் தொடுத்தார். அது நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடிக்கப்பட்டது. ஒருவரிடமிருந்து திருடவில்லை, எல்லாரிடமிருந்தும் திருடினேன் என்ற பொருளில் ஓபானனே பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னார்.

மக்கள் விமர்சனத்துக்குக் காத்திருக்கவில்லை. படம் தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அந்தச் சாப்பாட்டு மேசை வரும். பார்த்துவிட்டு வந்தவர்கள் பார்க்காதவர்களை அழைத்துக்கொண்டு மறுபடி போனார்கள், அந்த நிமிடத்தில் பக்கத்து முகத்தைப் பார்ப்பதற்காக. அடுத்த ஆண்டு சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கார் கீகரும் கார்லோ ரம்பால்டியும் அடங்கிய ஐவருக்குக் கிடைத்தது.

அதன் பிறகு அந்தப் பூதம் படத்திலிருந்து வெளியேறி எங்கெங்கோ போய் முட்டையிட்டது.

1985-ல் அலிசன் பெக்டெல் என்ற அமெரிக்க ஓவியர் ஒரு படக்கதை வரைந்தார். அதில் ஒரு பெண் சொல்கிறாள்: குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும், பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது, அப்படிப்பட்ட படத்துக்குத்தான் போவேன். கடைசியாக அவளால் பார்க்க முடிந்தது 'ஏலியன்'. அதில் இரண்டு பெண்கள் பூதத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். இன்று உலகெங்கும் திரைப்படங்களை உரசிப் பார்க்கும் பெக்டெல் சோதனை பிறந்தது அங்கேதான். லேட் ஜூனியரின் ஒரு வரி யோசனை எத்தனை தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

1986-ல் ஜப்பானின் நின்டெண்டோ 'மெட்ராய்ட்' விளையாட்டை வெளியிட்டது. இருண்ட சுரங்கங்கள், ஒட்டுண்ணிகள், கவசத்துக்குள் ஒரு வீரர். ஆட்டம் முடிந்து கவசம் கழன்றால் உள்ளே பெண். அதில் வரும் ஒரு வில்லனின் பெயர் ரிட்லி.

ஜான் ஹர்ட்டும் தப்பவில்லை. 1987-ல் மெல் புரூக்ஸின் 'ஸ்பேஸ்பால்ஸ்' என்ற நையாண்டிப் படத்தில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். வயிற்றைப் பிடிப்பார். மறுபடியுமா என்பதுபோல் அலுத்துக்கொள்வார். கேள்விப்படாதவனுக்கும் சிரிப்பு வரும் அளவுக்கு அந்தக் காட்சி எட்டே ஆண்டுகளில் பொதுச் சொத்தாகியிருந்தது.

2002-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 'ஏலியன்' படத்தைப் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது. 2018-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கம்பளிப்புழுவுக்குள் முட்டையிடும் புதிய குளவி இனம் ஒன்றுக்கு ஸெனோமார்ஃப் என்று பெயர் வைத்தார்கள். ரசிகர்கள் பூதத்தை அழைக்கும் பெயர் அது. குளவியிலிருந்து வந்தது குளவிக்கே திரும்பிப் போய்விட்டது.

இவையெல்லாம் பின்னால் நடந்தவை. 1979-ன் இறுதிக்கு வருவோம்.

*

படம் ஓடியிருக்கிறது. பணம் வந்திருக்கிறது. யாரைக் கேட்டாலும் இரண்டாம் பாகம் எப்போது என்பார்கள். ஆனால் படத்தை ஆதரித்த ஆலன் லேட் ஜூனியர் அந்த ஆண்டே ஃபாக்ஸைவிட்டு விலகிவிட்டார். புதிதாக வந்தவர்களுக்கு அக்கறை இல்லை. லாபக் கணக்கு விஷயத்தில் பிராண்டிவைனுக்கும் ஃபாக்ஸுக்கும் வழக்கு மூண்டது. ஸ்காட் வேறு படங்களுக்குப் போய்விட்டார். ரிப்ளி தன் ஓடத்தில் பூனையோடு உறங்கிக்கொண்டிருந்தாள்.

நான்கு ஆண்டுகள் போயின.

1983-ல் டேவிட் கைலர் ஓர் இளைஞரைச் சந்தித்தார். முப்பதைத் தொடாத வயது. முன்பு லாரி ஓட்டியவர். இயக்குநர் என்று பெயர் போட்டு வந்த ஒரே படம் பறக்கும் பிரானா மீன்களைப் பற்றியது, அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. கையில் 'தி டெர்மினேட்டர்' என்று ஒரு திரைக்கதை. அதற்குத் தேர்வான நாயகன் அர்னால்டு ஷ்வார்ஸ்நெக்கருக்கு வேறு பட ஒப்பந்தம் இருந்ததால் படப்பிடிப்பு பல மாதங்கள் தள்ளிப்போயிருந்தது. அந்த இடைவெளியில் எழுத வேலை தேடிக்கொண்டிருந்தார்.

பெயர் ஜேம்ஸ் கேமரூன்.

ஸ்காட்டின் பூதம் திரையில் தெரிந்தது மொத்தமே சில நிமிடங்கள்தான். ஒன்றே ஒன்றை இருட்டில் ஒளித்து வைத்து உலகைப் பயமுறுத்தினார் அவர். கேமரூன் அதற்கு நேர்மாறாகக் கணக்குப் போட்டார். ஒன்றல்ல, நூறு வரட்டும். எதிரே ஏழு சரக்குக் கப்பல் ஊழியர்கள் வேண்டாம், துப்பாக்கி ஏந்திய ராணுவப் படை நிற்கட்டும்.

பூதங்கள் பெருகினால் பயம் பெருகுமா, கரையுமா? அடுத்த வாரம் சந்திப்போம். அதற்குள் முடிந்தால் முதல் படத்தை இன்னொரு முறை பாருங்கள், இந்தமுறை ரத்தத்தை விட்டுவிட்டு வெரோனிகா கார்ட்ரைட்டை.

(தொடரும்)